ஒடுக்கத்துப் புதனும் நம் வீட்டு நாட்காட்டிகளும்

கலியாணப் பேச்சு ஒரு முடிவுக்கு வந்து தேதி குறிக்கும் கட்டத்தை எட்டியதும், எங்கள் மாத்தளைப் பக்கத்தில், அது உக்குவளையாகட்டும், வரக்காமுறையாகட்டும், கொங்காவெலயாகட்டும், சபையில் ஒரு மூத்த குரல் எழும். “அது ஸஃபர் மாசம் தானே, வாணாம் புள்ள. பலாய் முஸீபத்து எறங்குற மாசம்.” அதற்கு மேல் பேச்சில்லை. சபையில் ஒரு மௌலவி இருந்தால் அவர் மெல்லச் சிரிப்பார். ஆனாலும் தேதி மாறிவிடும். முப்பது வருஷத்துக்கு முன்னிருந்த அளவுக்கு இப்போது இல்லைதான். குறைந்திருக்கிறதே தவிர, போய்விடவில்லை.

நம் பெரியவர்கள் ஆகாது என்று சொல்லும் நாட்களையெல்லாம் ஒருநாள் தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். முஹர்ரத்தைச் சிலர் முழுதாகவே விட்டுவிடுகிறார்கள். ஸஃபர் பீடை மாதம். ரமழானில் யாரும் கலியாணம் வைப்பதில்லை. அதற்குக் காரணம் வேறு. இரண்டு பெருநாளுக்கும் இடையில் கூடாது என்றால் ஷவ்வால், துல்கஃதா, துல்ஹஜ்ஜின் முதல் பத்து நாட்கள் போய்விடும். மிஞ்சுவதில் செவ்வாயும் சனியும் கழிய வேண்டும். 354 நாள் கொண்ட ஹிஜ்ரி ஆண்டில் கடைசியாகக் கையில் நிற்பது ஏறக்குறைய 140 நாட்கள். அந்த 140 நாளிலும் தினம் ஒன்றரை மணிநேரம் ராகு காலத்துக்குக் கொடுத்தாக வேண்டும்! எல்லாவற்றையும் ஒருசேரப் பின்பற்றும் வீடு அநேகமாக எதுவும் இல்லை. ஒவ்வொரு வீடும் தனக்குப் பிடித்த இரண்டு மூன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறது. இதைப் பார்த்த பிறகுதான், இவை எல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்தவையாக இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. தேடிப் பார்த்ததில் குறைந்தது மூன்று ஊற்றுகள் தெரிந்தன: இஸ்லாத்துக்கு முந்திய அரேபியா, பிற்கால அமல் கிதாபுகள், நம் பக்கத்து வீடுகளின் பஞ்சாங்கம்.

முதலில் அரேபியா. துல்கஃதா, துல்ஹஜ், முஹர்ரம் என்று தொடர்ந்து வரும் மூன்று மாதங்களும் போர் விலக்கப்பட்டவை. மூன்று மாதம் கைகட்டி இருந்த கோத்திரங்கள் நான்காவது மாதம் பிறந்ததும் ஆயுதத்தைத் தூக்கின. ஆண்கள் கொள்ளைக்கும் சண்டைக்கும் புறப்பட்டுப் போக வீடுகள் வெறிச்சோடின. ‘ஸஃபர்’ என்ற பெயரே வெறுமையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்று மொழியறிஞர்கள் சொல்லும் விளக்கம் இதுதான். பாலைவனத்தில் வாழ்ந்த ஒரு தாய்க்கு அந்த மாதம் பயம் தந்தது என்றால் அதில் ஒரு நியாயம் இருந்தது. பிறை பார்த்த மறுநாள் மகன் போவான், திரும்பி வராமலும் போகலாம். பயத்துக்குக் காரணம் வானத்தில் இல்லை, மனிதர்களின் வாளில் இருந்தது. காரணம் மறைந்த பிறகும் பயம் மாதத்தின் பெயரில் ஒட்டிக்கொண்டது.

ஸஃபர் என்று ஒன்றில்லை என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாகப் புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் அறிவிப்பை நாம் ஒவ்வொரு வருஷமும் குத்பாவில் கேட்கிறோம். பறவைச் சகுனத்தையும் ஆந்தை பற்றிய நம்பிக்கையையும் மறுத்த அதே மூச்சில் அவர்கள் இதையும் மறுத்தார்கள். இந்த ‘ஸஃபர்’ எது என்பதில் முன்னோர்களிடையே ஒரே கருத்து இருக்கவில்லை என்பதை நம் மிம்பர்களில் சொல்வது குறைவு. வயிற்றைப் பிடிக்கும் ஒரு நோய் என்பது புகாரி இமாம் தம் பாடத் தலைப்பில் தரும் விளக்கம். அபூதாவூதில், மாலிக் இமாமிடம் கேட்டபோது, அறியாமைக் கால மக்கள் ஸஃபரை ஒரு வருஷம் ஹலாலாக்கியும் மறு வருஷம் ஹராமாக்கியும் வந்ததையே அது குறிக்கிறது என்று அவர் சொன்னதாக வருகிறது. மாதங்களை இடம் மாற்றும் இந்தத் தந்திரத்தைத்தான் தவ்பா சூராவின் 37ஆம் வசனம் கண்டிக்கிறது. மக்கள் அந்த மாதத்தைத் துர்ச்சகுனமாகக் கருதினார்கள், அதைத்தான் நபியவர்கள் மறுத்தார்கள் என்ற மூன்றாவது விளக்கமும் அபூதாவூதிலேயே இருக்கிறது. மூன்றில் எதை எடுத்தாலும் ஸஃபரைப் பீடை என்று சொல்ல இடமில்லை.

ஷவ்வாலின் கதையும் இப்படித்தான். முன்னொரு காலத்தில் அந்த மாதத்தில் ஒரு கொள்ளைநோய் வந்ததால் மக்கள் ஷவ்வாலில் மணம் முடிக்க வெறுத்தார்கள் என்று இப்னு ஸஅத் எழுதுகிறார். ஆயிஷா (ரலி) அவர்களோ தமது நிக்காஹும் ஷவ்வாலில்தான், வீடு கூடியதும் ஷவ்வாலில்தான், தம்மைவிடப் பேறு பெற்ற மனைவி யார் என்று கேட்டிருக்கிறார்கள். தம் குடும்பத்துப் பெண்களை ஷவ்வாலில் அனுப்பி வைப்பதையே விரும்பியும் இருக்கிறார்கள். முஸ்லிமில் இருக்கும் செய்தி இது. மாத்தளையில் இன்றும் இரண்டு பெருநாளுக்கு இடையில் கலியாணம் வைக்கத் தயங்குபவர்கள், பெயர் தெரியாத ஒரு கொள்ளைநோய்க்குப் பயப்படுகிறார்கள்.

இனி புதன். இதில்தான் எனக்குச் சுவாரசியம் அதிகம். தமிழில் ‘பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது’ என்று பழமொழி. கண்டி, மாத்தளைப் பக்கத்துச் சிங்களவர்களுக்கோ புதனும் சனியும் தேவாலயங்களில் பூஜைக்கு உகந்த ‘கெம்முர’ நாட்கள். அக்கம்பக்கம் எல்லாம் புதனைக் கொண்டாட, நாம் மட்டும் ஏன் பயப்படுகிறோம்?

ஆத் கூட்டத்தார் அழிந்த நாளைக் குர்ஆன் துர்ப்பாக்கியம் நீடித்த நாள் என்று கமர் சூராவில் சொல்கிறது. அது புதன்கிழமை என்று தஃப்ஸீர்களில் சில அறிவிப்புகள் வந்தன. அதன் மேல், மாதத்தின் கடைசிப் புதன் நீங்காத துர்ப்பாக்கிய நாள் என்று நபியவர்கள் சொன்னதாக ஒரு செய்தியும் கிளம்பியது. இப்னுல் ஜவ்ஸி அதை இட்டுக்கட்டப்பட்டவற்றின் பட்டியலில் சேர்த்தார். இப்னு ரஜப் அது ஸஹீஹ் இல்லை என்றார். ஹதீஸ் கலைக்குள் போகாமலே இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. அந்தக் காற்று ஏழு இரவும் எட்டுப் பகலும் தொடர்ந்து வீசியது என்று அல்ஹாக்கா சூரா சொல்கிறது. எட்டுப் பகல் என்றால் வாரத்தின் எல்லாக் கிழமையும் வந்துவிடும், ஒரு கிழமை இரண்டு தடவையும் வரும். அழிவு நடந்ததால் கிழமை கெட்டது என்றால் வெள்ளிக்கிழமையும் கெட்டதுதான். ரூஹுல் மஆனியில் ஆலூஸி இந்த வாதத்தை எழுதியிருக்கிறார். அந்த நாட்கள் ஆத் கூட்டத்துக்குத்தான் கெட்ட நாட்கள். அதே நாட்களில் ஹூத் (அலை) அவர்களும் அவரை நம்பியவர்களும் காப்பாற்றப்பட்டார்கள்.

புதனுக்குச் சாதகமான ஒரு செய்தியும் இருக்கிறது. அகழ்ப்போரின் காலத்தில் நபியவர்கள் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் துஆ கேட்டார்கள். புதன்கிழமை இரண்டு தொழுகைகளுக்கு இடையில் அது ஏற்கப்பட்டது என்று ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். தமக்கு நெருக்கடியான விஷயம் வந்தால் அந்த நேரத்தைத் தேடி துஆ கேட்பேன் என்றும் அவர் சொல்கிறார். அஹ்மதிலும் அல் அதபுல் முஃப்ரதிலும் இது வருகிறது. இதன் அறிவிப்பாளர் தொடர் பற்றிப் பேச்சு உண்டு. ஆனாலும் புதனைப் பீடையாக்கும் செய்தியைவிட இது எவ்வளவோ மேல்.

அப்படியானால் ‘ஒடுக்கத்துப் புதன்’ எங்கிருந்து வந்தது? ஒடுக்கம் என்றால் கடைசி. ஸஃபரின் கடைசிப் புதன் அன்று ஒரு வருஷத்துக்கான 3,20,000 பலாய்களும் ஒரேயடியாக இறங்குகின்றன என்பது பேச்சு. இந்த எண் ஹதீஸ் நூல்களில் இல்லை. குவாலியரில் அடங்கியிருக்கும் ஷத்தாரிய்யா ஷைகு முஹம்மத் கவ்ஸ் அவர்களின் ‘ஜவாஹிருல் கம்ஸா’விலும், ஹிஜ்ரி 1151இல் மறைந்த எகிப்தியரான அஹ்மத் தைரபியின் ‘முஜர்ரபாத்’திலும் இது வருகிறது. அங்கேயும் நபிமொழியாக அல்ல, அகப்பார்வை உள்ள சிலரின் கூற்றாகவே வருகிறது. அதோடு நான்கு ரகஅத் தொழுகையும், அதில் கவ்ஸர் சூராவைப் பதினேழு தடவை ஓதும் முறையும் சேர்ந்தன. கிதாபை எழுதியவர்கள் யாரோ கண்டதாகச் சொன்னது, கிதாபிலிருந்து எடுத்துச் சொன்னவர் வாயில் மார்க்கமாகி, வீட்டுக்கு வரும்போது கட்டாயமாகிவிட்டது.

என் உம்மும்மா காலத்தில் அன்று காலையில் லெப்பை வீட்டுக்கு வருவார். வெள்ளைப் பீங்கானில் குங்குமப்பூக் கரைத்த மையால் ‘ஸலாமுன்’ என்று வரும் ஏழு ஆயத்துகளை எழுதுவார். அதைக் கழுவிய தண்ணீரை வீட்டில் எல்லோருக்கும் ஒவ்வொரு மிடறு கொடுப்பார்கள். கடற்கரை ஊர்களில் கடலுக்குப் போவார்கள். கடலில்லாத எங்களுக்குச் சுதுகங்கை இருந்தது. பயம் தவறானது, ஆனால் அந்த ஏழு ஆயத்துகளையும் யார் தேர்ந்தாரோ அவருக்கு அழகான மனம் இருந்திருக்க வேண்டும் என்று நான் நினைப்பதுண்டு. யாஸீனிலிருந்து ஒன்று, ஸாஃப்ஃபாத்திலிருந்து நான்கு, ஸுமரிலிருந்து ஒன்று, கத்ரிலிருந்து ஒன்று. ஏழும் சமாதானத்தைச் சொல்பவை. அவற்றை ஓத எந்தப் புதனுக்கும் காத்திருக்கத் தேவையில்லை.

இதே நாள் வேறு ஊர்களில் என்னவாக இருக்கிறது என்று பார்த்தால் பீடையின் கதை இன்னும் வேடிக்கையாகிறது. வட இந்தியாவிலும் வங்காளத்திலும் இதற்கு ‘ஆகிரி சஹார் ஷம்பா’ என்று பெயர், பாரசீகத்தில் கடைசிப் புதன். அங்கே அது மகிழ்ச்சியான நாள். நபியவர்கள் தமது கடைசி நோயில் சற்றுத் தேறி அன்று குளித்தார்கள் என்று நம்பி இனிப்புக் கொடுப்பார்கள். வங்கதேசத்தில் அது விருப்ப விடுமுறை நாளாகவும் இருக்கிறது. அந்த நம்பிக்கைக்கும் அடிப்படை இல்லை என்று அஹ்மத் ரிழா கான் அவர்களே எழுதியிருக்கிறார். நோய் ஹிஜ்ரி 11இல் ஸஃபரின் கடைசி இரவுகளில் அல்லது ரபீஉல் அவ்வலின் தொடக்கத்தில் ஆரம்பித்தது என்றுதான் இப்னு ஹிஷாம் தருகிறார், தேறிய நாளாக அல்ல. ஜாவாவில் இது ‘ரெபோ வெகாசான்’. மலாக்காவில் தஞ்சோங் கிளிங் கடற்கரையில் ‘மண்டி ஸஃபர்’ என்று முன்பு கூட்டம் கூட்டமாகக் குளித்து வந்தார்கள். (கிளிங் என்பது அங்கே தென்னிந்தியருக்கு வழங்கிய பெயர்.) டாக்காவில் சுபம், மாத்தளையில் பீடை, மலாக்காவில் கடற்குளியல்! ஒரே நாளுக்குள் இருக்கும் இயல்பு ஊருக்கு ஊர் இப்படி மாறுமா?

‘பீடை மாதம்’ என்ற சொல்லும் நம்முடையதல்ல. தமிழ் இந்துக்கள் மார்கழியைப் பேச்சில் அப்படிச் சொல்வார்கள். ‘பீடுடைய மாதம்’, அதாவது பெருமையுடைய மாதம், திரிந்து பீடையானது என்று சொல்பவர்களும் உண்டு. மார்கழியிலும் ஆடியிலும் கலியாணம் வைக்காத அயலவரோடு வாழ்ந்த நமக்கு, அப்படி ஒதுக்கி வைக்க ஒரு மாதம் தேவைப்பட்டது போலிருக்கிறது. அரபியிலிருந்து ஸஃபர் வந்தது, தமிழிலிருந்து பீடை வந்தது.

செவ்வாயைப் பாருங்கள். ‘செவ்வாயோ வெறுவாயோ’ என்பார்கள். செவ்வாய் ஒரு கிரகத்தின் பெயர், அந்தக் கிரகம் பாவக் கிரகம் என்பது சோதிடம். கிழமைகளைக் கிரகங்களோடு கட்டியது கிரேக்க உலகிலிருந்து இந்தியாவுக்கு வந்த வழக்கம். அரபியில் கிழமைகளுக்குக் கிரகமே இல்லை. ஞாயிறு ‘ஒன்று’, திங்கள் ‘இரண்டு’, செவ்வாய் ‘மூன்று’, புதன் ‘நான்கு’. தமிழில் பெயர் சொல்லாமல் ‘மூன்றாம் நாள்’ என்று மட்டும் நாம் சொல்லிப் பழகியிருந்தால் செவ்வாயைப் பற்றிய பயம் நம் வீட்டுக்குள் நுழைய வாசலே இருந்திருக்காது.

ராகு காலத்தின் கதை இதைவிட நெருக்கமானது. மாத்தளை நகரில் மிளகு, கராம்பு, கொக்கோ வாங்கும் நம் கடைகளில் தொங்கும் காலண்டரைக் கவனியுங்கள். ஒரே தாளில் ஹிஜ்ரி தேதியும் இருக்கும், ராகு காலமும் இருக்கும். சூரிய உதயத்திலிருந்து மறைவு வரையுள்ள பகலை எட்டாக வெட்டி, கிழமைக்கு ஒரு துண்டை ராகுவுக்குக் கொடுப்பதுதான் கணக்கு. திங்கள் இரண்டாவது துண்டு, அதாவது ஏழரை முதல் ஒன்பது. வெள்ளிக்கு நான்காவது துண்டு, பத்தரை முதல் பன்னிரண்டு. அந்த நேரத்தில் நாம் என்ன செய்கிறோம்? குளித்து, உடுத்து, அத்தர் பூசி ஜும்ஆவுக்குப் புறப்படுகிறோம். முந்தி வருபவருக்கு ஒட்டகம் குர்பான் கொடுத்த நன்மை என்று ஹதீஸ் சொல்லும் காலை நேரத்தின் கடைசிப் பகுதி அது. புதுக் கடையை ராகு பார்த்துத் திறக்கும் நம் வியாபாரி, வெள்ளிக்கிழமை ராகு நேரத்தில்தான் பள்ளிப் படியில் கால் வைக்கிறார். இரண்டையும் ஒரே மனத்தில் வைத்திருக்க முடிகிறது என்பது எனக்கு ஆச்சரியம்தான்.

ராகு என்பது வானத்தில் ஒரு பொருள்கூட இல்லை. சந்திரன் போகும் பாதையும் சூரியன் போவதாகத் தெரியும் பாதையும் குறுக்கிடும் இரண்டு புள்ளிகளில் ஒன்று ராகு, மற்றது கேது. கிரகணம் அந்தப் புள்ளிகளுக்கு அருகில்தான் நிகழும். அதனால் சூரியனை விழுங்கும் பாம்பு என்று கதை வந்தது. அரபு வானவியலாரும் அதே புள்ளியை ‘நாகத்தின் தலை’ என்றே அழைத்தார்கள். நபியவர்களின் மகன் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. வானவியல் கணக்கின்படி அது 632 ஜனவரி 27. பிள்ளை இறந்ததற்காகவே சூரியன் மறைந்தது என்று மதீனா பேசியது. யாருடைய மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் சூரியனும் சந்திரனும் மறைவதில்லை என்று துக்கத்தில் இருந்த அந்தத் தந்தைதான் எழுந்து நின்று சொன்னார்கள்.

சித்திரைப் புத்தாண்டில் சிங்கள அயலவர்கள் கடைப்பிடிக்கும் ‘நோனகதய’ வேறு கணக்கு. சூரியன் மேட ராசிக்குள் நுழைவதற்கு 6 மணி 24 நிமிடம் முன்பும் அதே அளவு பின்பும் வேலை எதுவும் செய்யமாட்டார்கள். அந்த நேரத்தில் நம் கடைகளும் மூடியிருக்கும். அது நம்பிக்கையால் அல்ல, தெருவில் ஆள் இல்லாததால். அயலவரின் விசேஷத்தை மதிப்பது வேறு, அவருடைய நாள் பார்த்து நம் பிள்ளையின் வாழ்க்கையைத் தள்ளிப்போடுவது வேறு.

பிள்ளையின் வாழ்க்கை என்று சொன்னது சும்மா இல்லை. எங்கள் உறவில் ஒரு பெண்பிள்ளை ஒடுக்கத்துப் புதன் அன்று பிறந்தாள். நாற்பது முடிவதற்குள் அவளுடைய அப்பா, வாப்பாவின் வாப்பா, மவ்த்தாகிவிட்டார். அவருக்கு எண்பதுக்கு மேல், நெடுநாள் சீனி வருத்தம். ஆனாலும் யாரோ ஒருவர் இரண்டையும் முடிச்சுப் போட்டார். “பலாயோட வந்த புள்ள” என்று விளையாட்டாகச் சொன்னது அவள் பள்ளிக்கூடம் போன பிறகும் தொடர்ந்தது. மாப்பிள்ளை பேச ஆரம்பித்தபோது ஒரு வீட்டார் பிறந்த தேதியைக் கேட்டுப் போனார்கள், பிறகு சத்தமில்லை. காரணம் அதுதானா என்று யாரும் கேட்கவில்லை. அதன் பின் அவளுடைய உம்மா இங்கிலீஷ் தேதியை மட்டும் சொல்லப் பழகிக்கொண்டாள். அந்த உம்மா ஒருநாள் என்னிடம், “நாளுக்குக் குத்தம் இல்லேன்டு ஹஸ்ரத்மார் சொல்றாங்க நானா, ஆனா மனுசர் நாளையா ஏசுறாங்க, எங்கட புள்ளயத்தானே ஏசுறாங்க” என்றாள்.

அவள் சொன்னது ஹிஜ்ரி 4ஆம் ஆண்டு ஸஃபரை எனக்கு நினைவூட்டியது. அந்த மாதத்தில்தான் பிஃரு மஊனாவில் குர்ஆனை ஓதிய எழுபது தோழர்கள் வஞ்சகமாகக் கொல்லப்பட்டார்கள். அவ்வளவு துக்கப்பட்டு நபியவர்களைப் பார்த்ததே இல்லை என்று அனஸ் (ரலி) சொல்கிறார்கள். ஒரு மாதம் முழுக்கத் தொழுகையில் குனூத் ஓதினார்கள். ரிஃல், தக்வான், உஸைய்யா என்று கொலை செய்த கோத்திரங்களின் பெயரைச் சொல்லித்தான் ஓதினார்கள். ஸஃபரின் மீது ஒரு சொல் இல்லை. நான்கு வருஷம் கழித்து, ஹிஜ்ரி 8இன் ஸஃபரில், காலித் பின் வலீதும் அம்ரு பின் ஆஸும் மதீனாவுக்கு வந்து இஸ்லாத்தைத் தழுவினார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். குற்றம் செய்தவனைப் பெயர் சொல்லிச் சுட்டுவதற்குத் துணிவு வேண்டும். நாளைக் குற்றம் சொல்ல அது தேவையில்லை. பிறந்த குழந்தையைச் சொல்ல இன்னும் குறைவாகவே தேவை.

இங்கே சிலர், இது வஹாபிகளின் பேச்சு, நம் முன்னோர் வழி அல்ல என்பார்கள். நாம் ஷாஃபிகள். நம் மத்ஹபில் பிற்காலத்துப் பெரிய ஆதாரம் ஹிஜ்ரி 974இல் மக்காவில் மறைந்த இப்னு ஹஜர் ஹைதமி. நல்ல நாள், கெட்ட நாள் பற்றி அவரிடம் ஃபத்வா கேட்டார்கள். கேட்பவருக்குப் பதில், அதைப் புறக்கணித்து அந்தச் செயலின் அறிவீனத்தைச் சொல்வதுதான் என்றார். படைத்தவனிடம் பொறுப்பைக் கொடுத்தவர்களின் வழி அதுவல்ல என்றும், மாதத்தில் இன்னின்ன நாட்கள் ஆகாது என்று அலி (ரலி) அவர்களின் பெயரில் சுற்றும் பட்டியல் அடிப்படையற்ற பொய் என்றும் எழுதினார். அது ‘அல் ஃபதாவா அல் ஹதீஸிய்யா’வில் இருக்கிறது. மத்ரஸாக்களில் துஹ்ஃபா ஓதிய உலமாக்கள் எத்தனையோ பேர் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள். அந்தத் துஹ்ஃபாவை எழுதியவரும் இவர்தான்.

ஸஃபர் வருவதற்கு முந்திய ஜும்ஆவில் ஹைதமியின் அந்தப் பதிலைக் கத்தீப்மார் தமிழில் வாசிக்கலாம். பள்ளி நிர்வாகிகள் தங்கள் வீட்டு நிக்காஹ் ஒன்றை ஸஃபரில், முடிந்தால் ஒரு புதன்கிழமை, வைக்கலாம். அந்த வீட்டுச் சாப்பாட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேராவது அடுத்த வருஷம் தங்கள் மகளுக்குத் தேதி குறிக்க உட்காருவார்கள்.